மாவிளக்கு தின்னலாம், கும்பிடறது உன் இஷ்டம்

எங்களுக்கு கொழிஞ்சாம்பாறை பக்கம்ங்க. பாலக்காடு ஜில்லா, ரேஷன் கார்டு மலையாளத்துல இருக்கும், ஆனா வீட்டுல பேசறது தமிழ், துணி எடுக்கறது பொள்ளாச்சில. சாமி இல்லாத மாசமே இங்க கிடையாது, மாரியம்மன் சாட்டு முடிஞ்சா வேல, அப்பறம் பூரம்னு கேரளா கோயில் திருவிழாங்க, கார்த்திகை வந்தா தெருவுல பாதி ஆம்பளைங்க சபரிமலைக்கு மாலை போட்டு கருப்பு வேட்டி. நானும் எங்க வீட்டுக்காரரும் சாமி கும்பிடறதில்ல. பையனுக்கு 11, பாப்பாவுக்கு 7. இந்த ஊர்ல சாமி கும்பிடாம புள்ளைங்கள வளக்கறத எப்படி சமாளிக்கறீங்கன்னு சொந்தத்துலயே ரெண்டு பேரு கேட்டுட்டாங்க, அதான் டைப் பண்றேன்.

முதல்ல புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் எதுல விட்டுக்கொடுக்கலாம் எதுல கூடாதுன்னு பேசி வெச்சுக்கோங்க, இல்லீனா மொட்டையும் காதுகுத்தும் வந்து நிக்கறப்ப கோயில் வாசல்ல வெச்சு சண்டை போடுவீங்க. பையனுக்கு குலதெய்வத்துக்கு முடி எறக்கறதா அத்தை வேண்டிக்கிட்டாங்க, சரின்னு விட்டுட்டோம். முடி மறுபடி மொளைச்சுரும், மாமியார் மனசு மொளைக்காது. காது மட்டும் பாப்பாவா கேட்டாத்தான்னு சொல்லிட்டேன், அவ அஞ்சு வயசுல ஜிமிக்கி வேணும்னு அவளே கேட்டு ஆசாரிகிட்ட குத்திக்கிட்டா, அத்தைக்கு பயங்கர சந்தோசம்.

நான் பண்ணின பெரிய தப்பு சொல்றேன். அடுப்படில ஒருநாள் "கல்லுக்கு பால ஊத்தி வீணாக்கறாங்க"ன்னு வாய் தவறி சொன்னேன், பையன் அத அப்படியே போய் எங்கம்மா மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டான். அமுச்சி (அம்மாவோட அம்மாவ புள்ளைங்க அப்படித்தான் கூப்பிடும்) ரெண்டு நாள் சோறு திங்கல. நம்ம சண்டைக்கு புள்ளைங்கள அனுப்பி வெச்ச மாதிரி ஆயிருச்சு. அதுல இருந்து வீட்டுல ஒரே ரூல்தான், ஏன்னு கேக்கலாம், கிண்டல் கூடாது.

"ஏன் அமுச்சி ஊத்தறீங்க"ன்னு திரும்ப போய் கேக்க வெச்சேன். அப்பத்தான் அவங்க தம்பிக்கு சின்ன வயசுல பெரியம்மை வந்ததும், ஒரு கண்ணு போனதும், வீட்டு வாசல்ல வேப்பிலை கட்டிட்டு எல்லாரும் ஆத்தாகிட்ட அழுததும் வெளிய வந்துச்சு. எனக்கே அதுவரைக்கும் தெரியாதுங்க. அன்னைக்கு ராத்திரி பையனுக்கு மீதிய நான் சொன்னேன், அந்த காலத்துல வந்த பெறகு கொணப்படுத்த மருந்தே இல்ல, அம்மை குத்தி குத்தித்தான் ஒழிச்சாங்க, இந்தியாவுல கடைசியா வந்தது 1975, உலகத்துலயே இல்லன்னு அறிவிச்சது 1980. அமுச்சி ஏன் பயந்தாங்கன்னும் அவனுக்கு தெரியணும், எது ஒழிச்சதுன்னும் தெரியணும்.

சபரிமலைல தை மாசம் பொறக்கறப்ப மலைமேல தெரியற மகரவிளக்கும் இதே மாதிரிதான். 2011ல அத பாக்க வந்த கூட்டம் புல்மேட்டுல நெரிசல்ல சிக்கி 100 பேருக்கு மேல செத்தப்பறம் அத ஏத்தறது மனுசங்கதான்னு கோயில நிர்வாகம் பண்ற தேவஸ்வம் போர்டே ஒத்துக்கிச்சு. இது பையனுக்கு தெரியும், ஆனா மாலை போட்டிருக்கற மாமாகிட்ட போய் அவிழ்த்து விடமாட்டான், மாமாவா கேட்டா சொல்லுவான்.

திருவிழாவ தடுக்காதீங்க. மாவிளக்கு, பொங்கல், சர்ச் பெருநாள் கேக்கு எல்லாம் திங்கட்டும். பக்கத்துல இருக்கற பாலக்காட்டு சித்தூர்ல நடக்கற கொங்கன்படை திருவிழாவுக்கு வருசா வருசம் கூட்டிட்டு போறேன், கொங்கு ராஜா படை தோத்த கதைய கொண்டாடறாங்க, கொங்கு பாஷை பேசற என் புள்ளைங்க கடலை கொறிச்சுக்கிட்டு கைதட்டுதுங்க!

ஸ்கூல் விசயம் கொஞ்சம் கவனமா. பாப்பா ஸ்கூல்ல (பேரு வேண்டாம்) பிரேயர்ல கை கூப்பலைன்னு ஒரு டீச்சர் திட்டிட்டாங்க. சத்தம் போடாம ஒரு லெட்டர் கொடுத்தேன். அரசியல் சட்டம் 28(3) பிரகாரம் அரசு அங்கீகாரமோ நிதியோ வாங்கற ஸ்கூல்ல பெத்தவங்க சம்மதம் இல்லாம புள்ளைய வழிபாட்டுல சேக்க முடியாது. ஆனா எந்திரிச்சு மரியாதையா நிக்கணும்னு பாப்பாகிட்ட சொல்லிருக்கேன். 1986ல சுப்ரீம் கோர்ட்டுல ஜெயிச்ச மூணு கேரளா புள்ளைங்களும் அப்படித்தான், தேசிய கீதம் பாடல, ஆனா எந்திரிச்சு நின்னாங்க. அவங்க பாடாதது மதத்துக்காகங்கறது வேற விசயம், நமக்கும் அந்த தீர்ப்பு உதவுது.

சேக்கறப்ப ஃபார்ம்ல மதம் இல்லைன்னு எழுதறதுக்கு முன்னாடி சாதி சர்டிபிகேட், இட ஒதுக்கீடு எல்லாம் விசாரிச்சுக்கோங்க, நம்ம கொள்கைக்கு புள்ளை சீட்ட அடகு வெக்க வேண்டாம். எழுதினா கேள்வி வரும். 2008ல ஏழாங்கிளாஸ் பாடத்துல "மதமில்லாத்த ஜீவன்"னு, மதம் வேண்டாம், பெரியவனானா அவனே தேர்ந்தெடுக்கட்டும்னு ஸ்கூல்ல சேக்கற கதை வந்ததுக்கே கேரளாவுல என்ன ரகளை.

கூட படிக்கறதுங்க "சாமி கண்ண குத்தும்"னு பயமுறுத்தும், சின்ன புள்ளை ராத்திரி தூங்காது. பாப்பாவுக்கு ஒரு பதில் பழக்கி வெச்சிருக்கேன், "எங்க வீட்டுல கும்பிட மாட்டோம், ஆனா பாயசம் குடுத்தா குடிப்போம்." சிரிச்சிட்டு விட்டுருதுங்க.

இப்ப புதுசா ஒண்ணு, இந்த கார்த்திகைக்கு மாமாகூட மாலை போடறேன்னு பையன் நிக்கறான். சாமிக்காடான்னு கேட்டா இல்லயாம், சபரிமலை போற வழில எருமேலில சாயம் பூசிக்கிட்டு ஆடற பேட்டை துள்ளல்ல ஆடணுமாம். 41 நாள் கோழி கிடையாது, விடியக்காலைல பச்சத்தண்ணில குளியல், இடையில கழட்டினா மாமா மனசு கஷ்டப்படும்னு சொல்லிருக்கேன். யோசிச்சிட்டு இருக்கான்.