சம்மனசு படத்தை எப்படிப் பார்ப்பது?

மறைக்கல்வி வகுப்பில் சம்மனசு (வானதூதர்) படம் ஒன்றைக் காட்டினால் பிள்ளைகள் இறக்கையைத்தான் பார்ப்பார்கள். பெரியவர்கள் முகத்தைப் பார்த்து "என்ன சாந்தம்!" என்பார்கள். இரண்டும் கொஞ்சம் பொறுக்கட்டும். சம்மனசு யாரிடம் வந்திருக்கிறார், இரண்டு பேருக்கும் நடுவில் என்ன நடக்கிறது? அங்கிருந்து தொடங்குங்கள்.

பழக ஒரே ஓவியம் போதும். நான் எப்போதும் எடுப்பது இத்தாலியில் ஃபுளோரன்ஸ் நகரத்து சான் மார்க்கோ மடத்தின் மங்கள வார்த்தை ஓவியம்: இயேசுவைப் பெற்றெடுப்பாய் என்று கபிரியேல் தூதர் மரியாவிடம், அதாவது மாதாவிடம், சொல்லும் காட்சி. ஃபிரா ஆஞ்சலிகோ என்ற தொமினிக்கன் துறவி 1440களில் ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டியது. மடம் இப்போது அருங்காட்சியகம்; படம் இணையத்தில் நன்றாகவே கிடைக்கிறது. போன் திரை வேண்டாம், பெரிய திரையில் திறந்து பாருங்கள்.

முதலில் உடல்களைப் பாருங்கள். கபிரியேல் முழங்காலை மடக்கிப் பணிகிறார். மாதா உட்கார்ந்திருப்பது சிம்மாசனத்தில் அல்ல, வெறும் மர முக்காலியில். கைகளைக் கவனியுங்கள்: இருவருமே நெஞ்சின் மேல் குறுக்காக வைத்திருக்கிறார்கள். சொல்ல வந்தவரும் கேட்பவரும் ஒரே பணிவில். விண்ணகம் ஒரு ஏழைப் பெண்ணின் சம்மதத்துக்காகக் காத்து நிற்கிறது என்று நான் இதைப் படிக்கிறேன்.

அப்புறம், என்ன இல்லை என்று தேடுங்கள். இதே ஓவியர் முன்பு வரைந்து, இன்று மத்ரித் நகரத்து பிராதோ அருங்காட்சியகத்தில் இருக்கும் மங்கள வார்த்தையில் பொன் ஒளிக்கதிர், புறா, ஏதேன் தோட்டத்தைவிட்டு வெளியேறும் ஆதாம் ஏவாள் எல்லாம் உண்டு. இங்கே, மங்கள வார்த்தைப் படங்களில் வழக்கமாக வரும் லீலி மலர்கூட இல்லை. வேலியிட்ட தோட்டம் மட்டும் இடப்பக்கம் மிஞ்சியிருக்கிறது. அது விவிலியத்தின் இனிமைமிகு பாடல் 4:12இல் வரும் பூட்டப்பட்ட தோட்டம், மாதாவின் கன்னிமைக்கு அடையாளம். இவ்வளவு சிக்கனம் ஏன்? ஓவியம் இருப்பது மாடிப்படி ஏறியதும் எதிர்ச் சுவரில். துறவிகள் தங்கள் அறைகளுக்குப் போக தினமும் கடக்கிற இடம். அடியில் லத்தீனில் ஒரு வரியும் எழுதியிருக்கிறது: கன்னியின் படத்தின் முன் வரும்போது 'அருள் நிறைந்த மரியே' சொல்லாமல் போய்விடாதே. ஆக, இது ரசிக்க வைத்த படம் இல்லை, செபிக்க வைத்த படம். நீங்களும் அந்தச் செபத்தை ஒருமுறை சொல்லிவிட்டு மறுபடி பாருங்கள். அவசரம் தானாகக் குறையும்.

சரி, அதே மடத்தின் 3ஆம் அறைக்குப் போங்கள். அங்கும் மங்கள வார்த்தைதான். ஆனால் தூதர் நிற்கிறார், மாதா முழந்தாளிடுகிறார், தோட்டம்கூடக் காணோம். பக்கத்தில் மறைசாட்சி பேதுரு (இயேசுவின் சீடர் அல்ல, விசுவாசத்துக்காகத் தலையில் வெட்டுண்டு இறந்த தொமினிக்கன் துறவி) தலைக்காயத்தோடு நின்று பார்க்கிறார்! அந்த அறையில் தனியாகச் செபிக்கும் துறவிக்கு அவர்தான் வழிகாட்டி: இப்படி நின்று பார் என்கிறார். இரண்டு படங்களையும் அருகருகே வைத்து, யார் பணிகிறார் என்பதை மட்டும் ஒப்பிட்டாலே பாதி அர்த்தம் பிடிபடும்.

மற்ற சம்மனசுகளை அடையாளம் காண்பது சுலபம். தராசும் வாளும் மிக்கேல். மீன் வைத்திருக்கும் பையனோடு நடந்தால் ரபேல். கதை தோபித்து நூலில் இருக்கிறது. ஆறு இறக்கை என்றால் எசாயா நூல் 6ஆம் அதிகாரத்தில் கடவுளின் அரியணையைச் சூழ்ந்து நிற்கும் செராபீன்கள்.

இறக்கையே இல்லாத படத்தையும் ஒதுக்காதீர்கள். அமெரிக்க ஓவியர் ஹென்றி ஒசாவா டானர் 1898இல் வரைந்த மங்கள வார்த்தையில் கபிரியேல் வெறும் ஒளித்தூண். மரியா கசங்கிய படுக்கையில் உட்கார்ந்து அதை ஏறிட்டுப் பார்க்கும் சின்னப் பெண். பயமும் யோசனையும் கலந்த அந்த முகத்தில்தான், எனக்கென்னவோ, தூதரின் வாழ்த்தைக் கேட்டு மரியா கலங்கி யோசித்தார் என்னும் லூக்கா 1:29 நன்றாகப் புரிகிறது.

கடைசியாக, வீட்டில் மாட்டப் படம் வாங்குபவர்களுக்கு. ஒருவர் மோவாயில் கை வைத்தும் மற்றவர் கைகளை மடக்கியும் சாய்ந்திருக்கும் இரண்டு குட்டிச் சம்மனசுகள் வாழ்த்து அட்டைகளில் எல்லாம் வருமே, அவர்கள் இத்தாலிய ஓவியர் ரஃபேல் 1512 வாக்கில் வரைந்த பெரிய பீடப் படத்தின் அடி ஓரம். வெட்டியெடுத்தால் சலிப்பில் இருக்கும் பிள்ளைகள்; முழுப் படத்தில் அவர்களுக்கு மேலே, குழந்தை இயேசுவை ஏந்தி மேகத்தின் மேல் நடந்து வருகிறார் மாதா. முழுப் படமும் இருக்கிற பிரதியாகக் கேட்டு வாங்குங்கள்.