குடும்பத்தோடு ஊர் சுற்றும்போது படம் எடுப்பது எப்படி? (யாரையும் காக்க வைக்காமல்)

பயணப் படங்களைப் பற்றிய பாடங்களில் பெரும்பாலானவை தனியாக அலைகிறவர்களுக்கானவை. விடியுமுன் எழு, வெளிச்சம் வரும்வரை ஒரே இடத்தில் நில் என்பார்கள். கூடவே முழங்கால் வலியோடு தாத்தாவும், தூக்கச் சொல்லி அடம்பிடிக்கும் பிள்ளையும் இருந்தால் அது நடக்கிற காரியமா? நீங்கள் "இதோ ஒரு நிமிஷம்" என்று மூன்றாவது முறை சொல்லும்போதே வீட்டார் முகம் மாறிவிடும்.

என் முறை வேறு. படத்துக்காகக் குடும்பத்தை நிறுத்துவதில்லை. குடும்பம் எங்கே தானாக நிற்கிறதோ அங்கே எடுப்பது. ஐஎஸ்ஓ, அப்பெர்ச்சர் போன்றவற்றை இங்கே விளக்கப் போவதில்லை. ஆட்டோ மோடில் படம் எடுக்கத் தெரிந்தால் போதும்.

படி 1: கிளம்புமுன்

கேமரா செட்டிங்ஸில் கிரிட் கோடுகளை (திரையை ஒன்பது கட்டமாகப் பிரிப்பவை) போடுங்கள். பழைய படங்களை நீக்கிப் போனில் இடம் காலி செய்யுங்கள். தனி கேமரா கொண்டுபோகிறீர்கள் என்றால் அதன் கடிகாரத்தைச் சேரும் ஊரின் நேரத்துக்கு மாற்றுங்கள். போன் தானாக மாறிக்கொள்ளும், பெரும்பாலான கேமராக்கள் மாறாது. இதை விட்டால், திரும்பி வந்து இரண்டின் படங்களையும் ஒன்றாகச் சேர்க்கும்போது காலைச் சிற்றுண்டிக்கு முன்னால் இரவு விளக்குகள் வந்து நிற்கும்.

கருவி விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஒரு போன், அல்லது 35 எம்எம் லென்ஸ் ஒன்று மட்டும் மாட்டிய சிறிய கேமரா. அவ்வளவுதான். லென்ஸ் மாற்றும் நேரத்தில் பிள்ளை தெரு முனையைத் தாண்டிவிடும். ட்ரைபாட் வேண்டாம், பல அருங்காட்சியகங்களில் உள்ளேயே விடமாட்டார்கள். செல்ஃபி குச்சியைப் பற்றிப் பேச விருப்பமில்லை. பையில் இடம் இருந்தால் ஒரு பவர் பேங்க், கண்ணாடி துடைக்கும் துணி. போனில் விளக்கொளி கோடு கோடாக இழுத்தால் பெரும்பாலும் லென்ஸ் மேல் இருக்கும் விரல் எண்ணெய்தான் காரணம்.

படி 2: உட்காரும் இடங்களைச் சுற்றி நாளை அமையுங்கள்

வரைபடத்தில் பார்க்க வேண்டிய இடங்களைக் குறிப்பதோடு, உட்கார்ந்து இளைப்பாறக்கூடிய இடங்களையும் குறியுங்கள்: சதுக்கம், ஆற்றங்கரைப் படிக்கட்டு, பூங்கா பெஞ்சு. மற்றவர்கள் அங்கே கால் நீட்டும் அரைமணி நேரம் உங்களுடையது. சுற்றி ஒரு தெருவுக்குள் போய்விட்டு வரலாம், ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள்.

அந்த இளைப்பாறலில் ஒன்றாவது சூரியன் சாயும் நேரத்தில் அமையட்டும். சூரியன் தொடுவானத்திலிருந்து சுமார் 6 பாகைக்குள் இருக்கும்போது வெளிச்சம் மென்மையாக, மஞ்சளாக விழும். மறைந்த பிறகும் உடனே அறைக்குத் திரும்பிவிடாதீர்கள். வானம் கருநீலமாக இருக்கும் கொஞ்ச நேரம் தெருவிளக்கின் பிரகாசமும் வானத்தின் பிரகாசமும் ஏறக்குறைய சமமாக வரும். முழு இருட்டில் எடுப்பதைவிட இது எவ்வளவோ மேல். நிலநடுக்கோட்டுக்கு அருகே உள்ள ஊர்களில் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்குவதால் மஞ்சள் வெளிச்சம், கருநீல வானம் இரண்டும் சீக்கிரம் தீர்ந்துவிடும். துருவப் பக்கம் போகப் போக நீளும்.

படி 3: முதலில் இடம், பிறகு ஆள்

நடந்துகொண்டே எடுக்காதீர்கள். நாலு எட்டு முன்னால் போங்கள். ஒரு சந்தில் சுவரின் மேல் பட்டையாக வெயில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பட்டையின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். கிரிட்டைப் பார்த்து ஃபிரேமை நேராக்கிவிட்டுக் காத்திருங்கள். மகள் கையில் இருந்த தண்ணீர் பாட்டிலை ஆட்டிக்கொண்டே வருவாள். அந்தப் பட்டைக்குள் அவள் காலெடுத்து வைக்கும்போது அழுத்துங்கள். யாரையும் கூப்பிடவில்லை, யாரும் நிற்கவில்லை. தூண்டில் போட்டுவிட்டு உட்காருவது மாதிரிதான்.

வெளிச்சம் குறைந்த இடத்தில் ஆட்டோ மோடு ஷட்டரை மெதுவாக்கிவிடும், அதாவது ஒளியை அதிக நேரம் உள்ளே விடும், நடப்பவர் கலங்கிப்போவார். வேகத்தைக் கையால் வைக்க முடிந்தால், நடப்பவருக்கு 1/250 நொடி, ஓடும் பிள்ளைக்கு 1/500 அல்லது அதற்கும் வேகமாக.

படி 4: ஆளும் கட்டடமும் ஒரே படத்தில்

எல்லாரும் சிக்குவது இங்கேதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

புகழ்பெற்ற கோபுரம் ஒன்று. குடும்பத்தை அதன் அடிவாரத்தில் நிற்கச் சொல்லி, முழுக் கோபுரமும் தெரியும்வரை பின்னால் நகர்ந்து எடுக்கிறோம். கோபுரம் வந்துவிடும், ஆட்கள் எறும்பாகிவிடுவார்கள். யார் எந்தச் சட்டை என்பதுகூடத் தெரியாது.

செய்ய வேண்டியது நேர் எதிர். நீங்கள் இருக்கும் இடத்திலேயே இருங்கள், குடும்பத்தை உங்கள் பக்கம் கூப்பிடுங்கள். உங்களிடமிருந்து இரண்டு மீட்டரில், இடுப்புக்கு மேல் தெரியும்படி, கிரிட்டின் ஒரு பக்கக் கோட்டில் அவர்கள் நிற்கட்டும். மறுபக்கத்தில் கோபுரம் தூரத்தில் முழுதாக இருக்கும். ஓரத்துக்கு மட்டும் ஒதுக்காதீர்கள். போனின் அகல லென்ஸ் ஓரத்தில் இருக்கும் முகத்தை இழுத்துவிடும்.

சரி, இப்போது முகம் தெரிகிறது, கோபுரம் தீக்குச்சி அளவுக்குச் சுருங்கிவிட்டதே என்றால் அதற்கும் வழி உண்டு. போனை 2x-க்கு மாற்றி, ஆட்களிடமிருந்து உங்கள் தூரத்தை இரு மடங்காக்குங்கள். ஏன் என்று கணக்காகப் பார்த்தால் புரியும். ஆள் 2 மீட்டரில், கோபுரம் 100 மீட்டரில். நீங்கள் இரண்டு மீட்டர் பின்னால் போனால் ஆள் 4 மீட்டருக்குப் போகிறார், படத்தில் பாதியாகிறார். கோபுரம் 102 மீட்டர், மாற்றம் ஏதுமில்லை என்றே சொல்லலாம். 2x ஜூம் இரண்டையும் இரு மடங்காக்குகிறது. ஆள் பழைய அளவுக்கு வந்துவிட்டார், கோபுரம் மட்டும் இரண்டு மடங்கு வளர்ந்துவிட்டது. 3x லென்ஸ் இருந்து, பின்னால் போக இடமும் இருந்தால் ஆறு மீட்டருக்குப் போங்கள், கோபுரம் மும்மடங்கு. நின்ற இடத்திலேயே நின்று ஜூம் மட்டும் செய்தால் இது நடக்காது. கால்தான் நகர வேண்டும்.

கோபுரம் மேலே போகப் போகக் குறுகிச் சாய்ந்து தெரிகிறதா? போனை அண்ணாந்து பிடித்திருக்கிறீர்கள். செங்குத்தாகப் பிடியுங்கள், உச்சி வெட்டுப்பட்டால் இன்னும் தள்ளிப் போங்கள். 0.5x அகல லென்ஸைக் கட்டடத்துக்கும் ஆளுக்கும் சேர்த்துப் பயன்படுத்துவதை நான் விட்டுவிட்டேன். குறுகலான அறைக்கு மட்டும் சரி.

முகத்துக்குப் பின்னால் சூரியன் என்றால் நீங்கள் மறுபக்கம் போய் எல்லாரையும் உங்களைப் பார்த்துத் திரும்பி நிற்க வையுங்கள், அல்லது நிழலுக்குள் கூட்டிப்போங்கள். இரண்டுக்கும் வழியில்லையென்றால் நிழலுருவமாகவே எடுத்துவிடுங்கள்.

படி 5: கோபுரத்தை விட்டு இறங்குங்கள்

ஒவ்வொரு இடத்திலும் மூன்று தூரம்: தெரு முழுதும் ஒன்று, ஆளும் அவர் செய்கிற வேலையும் ஒன்று, மிக அருகில் ஒன்று. மூன்றாவதைத்தான் மறந்துவிடுவோம். வரைபடத்தை மடியில் விரித்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு தெருப்பெயரின் மேல் ஆள்காட்டி விரலை வைத்திருக்கும் தாத்தா. முகம்கூட வேண்டாம், அந்த விரலும் மடிப்புக் கசங்கிய தாளும் போதும். அவர் அந்த நகரத்தைப் பார்த்த விதம் அதில் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு ஒரு பழைய போனைக் கொடுத்து ஒரு வேட்டை வையுங்கள்: இன்றைக்குக் கதவுகள், நாளைக்குப் பூட்டுகள், அப்புறம் எழுத்துப் பலகைகள். அவர்கள் கண் இருக்கும் உயரமே வேறு. கைப்பிடிச் சுவரின் அடியில் செதுக்கிய சிங்கத்தை முதலில் பார்ப்பது அவர்கள்தான். நாள் முழுவதும் "எப்போ போகலாம்" என்ற கேள்வியும் குறையும்.

கூட்டத்தைப் பற்றி ஓர் இடைச்செருகல். 1838-ல் பாரிஸின் ஒரு பரபரப்பான சாலையை, புகைப்படக் கலையின் முன்னோடியான லூயி தாகேர் படம் பிடித்தார். சாலை வெறிச்சோடிக் கிடக்கும். நிமிடக்கணக்கில் ஒளி வாங்கிய தகட்டில் நடந்தவர்களும் வண்டிகளும் பதியவில்லை. காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள ஒரே இடத்தில் நின்ற ஒருவரும் அவருக்குப் பாலிஷ் போட்டவரும்தான் பதிந்தார்கள். அதே தந்திரம் இன்றும் சிறிய அளவில் வேலை செய்கிறது. ஐபோனில் லைவ் போட்டோவாக (சில நொடி அசைவையும் சேர்த்துப் பதியும் படம்) எடுத்து, பிறகு லாங் எக்ஸ்போஷராக (அந்த நொடிகளை ஒரே படமாகக் கலப்பது) மாற்றுங்கள். கூட்டம் புகையாக இழுபடும், அசையாமல் நின்ற உங்கள் குடும்பம் மட்டும் தெளிவாக இருக்கும். போனை ஒரு சுவரில் சாய்த்து வைப்பது முக்கியம்.

படி 6: அன்றிரவே

படங்களை இன்னொரு இடத்துக்கு நகலெடுங்கள். வீடு திரும்பும்வரை மெமரி கார்டை முழுதாக அழிக்க வேண்டாம். கலங்கியவற்றையும் ஒரே மாதிரியானவற்றையும் அன்றே நீக்குங்கள்; ஊருக்கு வந்தபின் செய்யலாம் என்றால் செய்யவே மாட்டோம்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

"உறவினர் எடுத்த படங்கள் வாட்ஸ்அப்பில் வந்தன. ஆல்பத்தில் வரிசை குழம்பிவிட்டது." வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது எடுத்த நேரம், இடம் போன்ற விவரங்களும் போய்விடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது எல்லாரும் ஒரு பொது ஆல்பத்தில் ஏற்றுங்கள்.

"பேருந்துக் கண்ணாடி வழியாக எடுத்தால் என் முகமே தெரிகிறது." லென்ஸைக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் வையுங்கள், சுற்றிக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் கூடாது.

"பிள்ளைகள் படத்தை இணையத்தில் போடலாமா?" போடுவதானால் இடக்குறியீட்டை நீக்கிவிட்டு, அந்த ஊரைவிட்டுக் கிளம்பிய பின் போடுங்கள். தெருவில் மற்றவர்களின் குழந்தைகள் என்றால் பெற்றோரிடம் கேட்காமல் நான் எடுப்பதே இல்லை.

அதிகம் பேர் கேட்டது: "படம் எடுக்கிற நான் ஒரு படத்திலும் இல்லையே?" முன்பின் தெரியாதவரிடம் போனைக் கொடுக்குமுன், உங்களுக்குப் பதில் வேறொருவரை நிற்க வைத்து ஃபிரேமை முடிவு செய்யுங்கள், ஃபோகஸைப் பூட்டுங்கள். "இங்கேயே நின்று இந்தப் பட்டனை மட்டும் நாலைந்து முறை அழுத்துங்கள்" என்று சொல்லிக் கொடுங்கள். கொடுப்பதற்கு, தானே குடும்பத்தோடு படம் எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவராகப் பாருங்கள். அவர்களுடையதை நீங்கள் எடுத்துக் கொடுத்தால், உங்களுடையதை அவர்களும் அவசரப்படாமல் எடுப்பார்கள்.