ஈறு நோய் சிகிச்சைக்குப் பின் என் பற்களைக் காத்துவரும் முறை

ஈறு நோய்க்கு ஆழ்சுத்தம் (ஈறுக்குக் கீழே பல்லின் வேர்ப்பரப்பு வரை சுத்தம்) செய்து வீக்கம் வடிந்தபின், பற்களுக்கிடையே முன்பு தெரியாத இடைவெளிகள் தெரிந்தன. பல் துலக்கும் பிரஷ் அங்கே எட்டாது என்பதால், ஒவ்வோர் இடைவெளிக்கும் பொருந்தும் அளவில் பல்லிடை பிரஷ்களை மருத்துவரே தேர்ந்து கொடுத்தார். இரவில் அதை நுழைத்து, இருபுறப் பற்களையும் ஒட்டினாற்போல முன்னும் பின்னும் இழுக்கிறேன். கடைவாய்ப் பல்லின் பின்புறம் ரத்தம் கசிந்தால், அங்கே அழுக்குப் படலம் தங்குகிறது என்று பொருள்; பயந்து அந்த இடத்தைத் தொடாமல் விடுவதுதான் பெருங்கெடுதல்.

வலி இல்லாவிட்டாலும் 3 மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனைக்குச் செல்கிறேன். ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலான பள்ளம் 3 மி.மீ. வரை இருந்தால் இயல்பு. அதற்கு மேல் ஆழமாகி ரத்தமும் கசிந்தால், வேர்ப்பரப்பை மீண்டும் சுத்தம் செய்கிறார்கள். ஈறு நோயால் கரைந்த, பல்லைத் தாங்கும் எலும்பு தானாக வளராது என்பதால், இந்தத் தவணையை நான் ஒருபோதும் தள்ளிப்போடுவதில்லை.