பழைய ராப்பர் டிரெண்டுக்குப் பின்னால் ஓடுகிறாரா, டிரெண்டைக் கிளப்புகிறாரா? நீங்களே கண்டுபிடிக்கலாம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ராத்திரி ஒட்டுக்கடையில் உட்கார்ந்தால் இந்தச் சண்டை வராமல் தே தாரிக் (நுரை பொங்க ஆற்றிய டீ) ஆறாது. பேச்செல்லாம் மலேசியத் தமிழ் ராப்பர் யோகி பி-யைப் பற்றித்தான். "யோகி பி அண்ணன்தான்டா எல்லாத்தையும் ஆரம்பிச்சாரு" என்று ஒருத்தர் சொன்னால், "இப்ப அவரும் சின்னப் பசங்க மாதிரிதான் பாடுறாரு லா" என்று இன்னொருத்தர் மடக்குவார். எந்த ராப்பருக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு முறை போட்டு வைத்திருக்கிறேன். ஒரு நோட்டு, வயர் உள்ள இயர்போன், அவ்வளவுதான். சின்ன புளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம், பேஸ் அடி காதுக்கே வராது.

1. அவர் பாட்டுகளை வரிசையாக எழுதுங்கள். சினிமாப் பாட்டுக்குத் தனிப் பக்கம். அங்கே பீட் இசையமைப்பாளர் முடிவு. 2017-இல் வந்த 'விவேகம்' படத்தில் யோகி பி-யும் பாடிய 'சர்வைவா' எந்த டிரெண்டில் இருக்கிறது என்று கேட்டால் அனிருத்தைத்தான் கேட்க வேண்டும். யோகி பி-யை எடைபோட நட்சத்ரா குழுவோடு செய்த 'வல்லவன்' (2006) ஆல்பத்தை எடுங்கள்.

2. ஆண்டு. பாட்டுச் செயலியில் சில நேரம் மறுவெளியீட்டு ஆண்டுதான் இருக்கும். சிடி அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள்.

3. வேகம், அதாவது பி.பி.எம்., நிமிடத்துக்கு எத்தனை தாள அடி என்ற எண். முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான், அதனால் மெதுவாகப் படியுங்கள். தட்டி அளக்கும் செயலி டிராப் (trap) என்கிற புதுப் பாணி ராப் பாட்டுக்கு 140 என்று காட்டும், ஆனால் உங்கள் தலை 70-க்குத்தான் ஆடும். பழைய பாணி ராப் 90 சுற்றி இருக்கும். 90-க்குப் பக்கத்தில் 140 என்று எழுதினால் ஆள் திடீரென்று வேகமாகிவிட்டார் என்று தோன்றும், உண்மையில் மெதுவாகியிருக்கிறார்! ஸ்னேர், அதுதான் அந்த 'டப்' சத்தம், அதை மட்டும் கேட்டு, செயலி காட்டும் வேகத்திலேயே ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று எண்ணுங்கள். ரெண்டிலும் நாலிலும் விழுந்தால் எண் சரி. மூணில் மட்டும் விழுந்தால் பாதியாக்குங்கள்.

4. வாய்த்தாளம். பாட்டோடு சேர்ந்து 'தகதிமி' சொல்லிப் பாருங்கள், ஒட்டவில்லை என்றால் 'தகிட தகிட'. உறுமி மேளம் அடிக்கிற தம்பி ஒருவர் கூட இருந்தால் செயலியே தேவையில்லை. 'தகிட' நடை, அதாவது மூன்று மூன்றாகச் சொற்களை அடுக்குவது, 2013-இல் அமெரிக்க ராப் குழு மீகோஸின் 'வெர்சாச்சே'க்குப் பிறகு எங்கும் பரவியது. ஆனால் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் திரீ சிக்ஸ் மாஃபியா குழு 1990-களிலேயே அப்படிப் பாடியது. 2013-க்கு முன் உங்கள் ஆள் அதைப் பிடித்திருந்தால் நட்சத்திரக் குறி போடுங்கள், 2014-இல் என்றால் வேண்டாம்.

5. யார் பின்னால் வந்தார்கள்? பழைய பாட்டை வெட்டி ஒட்டி ராப் போடுவது அமெரிக்காவில் பழைய வேலை. 'நிழல்கள்' (1980) படத்தில் இளையராஜா போட்ட 'மடை திறந்து'வை எடுத்து 2006-இல் 'வல்லவன்' ஆல்பத்தில் யோகி பி தமிழில் அப்படிச் செய்தபோது முறை இரவல், மொழி புதுசு. மறு ஆண்டே 'பொல்லாதவன்' படத்தில் 'எங்கேயும் எப்போதும்' ரீமிக்ஸுக்கு அவரையே கூப்பிட்டார்கள். ஹிப்ஹாப் தமிழா ஆல்பம் 2012-இல்தான். 1998-இல் பொயட்டிக் அம்மோ குழுவோடு வந்த முதல் ஆல்பத்தில் யோகி பி அமெரிக்கப் பாணியைப் பின்பற்றியவர், 2006-இல் வழி போட்டவர். இது என் கணக்கு, அடிக்க வராதீர்கள்.

பிற்சேர்க்கை: பாடுகிற குரலின் சுருதியைத் திருத்துகிற ஆட்டோ-டியூன் கேட்டாலே 'பின்பற்றுகிறார்' என்று எழுதலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். கூடாது. அந்த மென்பொருள் 1997-இல் வந்தது, ராப் பக்கம் அதைப் பெரிதாகப் பரப்பியவர் அமெரிக்கப் பாடகர் டி-பெயின், 2005-இலிருந்து. ராப்பர் கான்யே வெஸ்ட் 2008-இல்தான் ஒரு ஆல்பம் முழுக்க அதில் பாடினார், ஆகவே கருவி இரவல். ஆனால் ராப்பர் சோகத்தைப் பாடியே சொல்லலாம் என்ற வழி அதிலிருந்துதான் பெரிதாகக் கிளம்பியது, அடுத்த ஆண்டு ராப்பர் டிரேக் இலவசமாக விட்ட பாட்டுத் தொகுப்பில் (மிக்ஸ்டேப்) அது அப்படியே கேட்கும். இப்படிப்பட்டவருக்கு நோட்டில் 'பின்பற்றுகிறார்', 'வழி போடுகிறார்' என்ற இரண்டு கட்டத்திலும் டிக் போடுங்கள்.