பான் கார்டுல இருக்குற பேரையே அடிச்சும் ‘பேர் பொருந்தலை’ன்னு வந்தா

தொண்டி பக்கம் கடல்ல அத்துப் போய் கெடக்குற வலைய எடுக்குற சின்ன டிரஸ்ட் எங்களோடது. 2022ல பாக் விரிகுடாவுல ஒரு பகுதிய ஆவுளியா (கடல்பசு) காப்பகமா அறிவிச்சாங்கள்ல, அதுக்கப்புறம் ஒரு கம்பெனி சி.எஸ்.ஆர் பணம் (கம்பெனிங்க சமூகப் பணிக்குன்னு ஒதுக்குற பணம்) தர்றோம்னு வந்துச்சு, ஆனா சி.எஸ்.ஆர்-1 நம்பர் (அந்தப் பணத்த வாங்குற அமைப்பு அரசாங்கத்துல பதிஞ்சு வாங்குறது) வேணும்னுட்டாங்க, 2021 ஏப்ரல்லேருந்தே அது கட்டாயம். டிரஸ்டுக்கான வருமான வரிப் பதிவுகள் 12ஏ, 80ஜி ரெண்டும் கையில இருந்துச்சு. அதுக்கு முன்னாடி ஒரு போர்ட்டல்ல பதியப் போனா பான் நம்பர் ஓகே, தேதி ஓகே, பேர் மட்டும் பொருந்தலைன்னு வருது.

பிரவுசர மாத்தி, எல்லாத்தையும் பெரிய எழுத்துல அடிச்சு, டிரஸ்ட் பத்திரத்துல இருக்குற மாதிரி முழுப்பேரும் போட்டு பாத்தாச்சு, ஒண்ணும் நடக்கல. ஹெல்ப்டெஸ்க்குக்கு மெயில் போட்டா ‘பான்படி பேர் கொடுக்கவும்’னு ஒரே வரி. ஆடிட்டர் பான் கரெக்‌ஷன் போடலாம்னாரு, நல்லவேளை போடல, பேரு மாறினா பேங்க், 12ஏ எல்லாத்துலயும் அலையணும்.

கடைசில வருமான வரி இ-ஃபைலிங்ல டிரஸ்ட் லாகின்ல போயி புரொஃபைல்ல இருந்த பேர காப்பி பண்ணி நோட்பேட்ல ஒட்டினேன். ரெண்டாவது வார்த்தைக்கப்புறம் ரெண்டு ஸ்பேஸ்! கார்டுல சரியா அந்த எடத்துல பேரு அடுத்த வரிக்கு மடங்கிருது, எவன் கண்டுபிடிப்பான். அப்படியே பேஸ்ட் பண்ணேன், உடனே எடுத்துக்கிச்சு, கையால மட்டும் அடிக்காதீங்க.

அடுத்து சி.எஸ்.ஆர்-1க்கு கையெழுத்து போடுற டிரஸ்டியோட டிஜிட்டல் சிக்னேச்சர் வேணும், சி.ஏ மாதிரி ஒருத்தர் சான்றும் வேணும், எங்க டிரஸ்டி கடலுக்குப் போறவரு, அதனால அவரோட சிக்னேச்சர முன்னாடியே எடுத்து வச்சுட்டோம்.