கோழிக் கூட்டத்தில் யார் பெரியது? புதிதாக நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்கு

கோழி வாங்கிய முதல் வாரத்திலேயே பலரும் பதறிப்போய்க் கேட்பது இரண்டு கேள்விகள். "ஒரு கோழியை மட்டும் மற்றதெல்லாம் கொத்துதே, என்ன செய்ய?" "சேவல் பெட்டையை இப்படி அமுக்குதே, விரட்டணுமா?" பெரும்பாலும் எதுவும் செய்ய வேண்டாம். எப்போது கை வைக்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

முதல் படி: தீனி வைத்துவிட்டு உட்காருங்கள்

காலையில் கூட்டைத் திறந்ததும் கம்போ குருணையோ ஒரே தட்டில் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். யார் முதலில் தலையை நீட்டுகிறது, யார் யாரைக் கொத்துகிறது, கொத்து வாங்கியது திருப்பிக் கொத்துகிறதா, இல்லை ஒதுங்கிப் போகிறதா என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நார்வேக்காரரான தோர்லீஃப் ஷெல்டெரூப்-எப்பே சிறு வயதிலிருந்தே கோழிகளை இப்படித்தான் கவனித்துவந்தார். கோழிகளுக்குள் ஒரு 'கொத்து வரிசை' இருக்கிறது என்று 1921இல் அவர் எழுதியதற்கு அந்தக் கவனிப்புதான் அடிப்படை.

நான்கைந்து நாளில் உங்களுக்கும் வரிசை பிடிபடும். பெட்டைகளுக்குள் ஒன்று, சேவல்களுக்குள் தனியாக ஒன்று. வரிசை படிந்துவிட்ட கூட்டத்தில் சண்டை குறைவு. பெரியது கழுத்தை நிமிர்த்திப் பார்த்தாலே சின்னது நகர்ந்துவிடும்.

இரண்டாம் படி: ரத்தம் தெரிந்தால் உடனே பிரியுங்கள்

கொண்டையில் ரத்தம் கசிந்தால் மற்றக் கோழிகளும் அந்த இடத்தையே குறிவைத்துக் கொத்தும். அந்தக் கோழியை உடனே தனியாகப் பஞ்சாரத்தில் (கோழியை மூடி வைக்கும் மூங்கில் கூடை) கவிழ்த்துவிட்டு, மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் போடுங்கள். காயம் காய்ந்த பிறகே வெளியே விட வேண்டும். கடைசி வரிசைக் கோழி இளைத்துக்கொண்டே போகிறதா? தீனித் தட்டையும் தண்ணீரையும் இரண்டு இடங்களில், ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி வையுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட எளிய வைத்தியம் கிடையாது.

மூன்றாம் படி: புதுக் கோழியைச் சேர்ப்பது

சந்தையில் வாங்கிய ஒற்றை வெடைக்கோழியை நான் ஒருமுறை நட்டநடுப் பகலில் கூட்டத்துக்குள் விட்டுவிட்டேன். அன்று மாலைக்குள் அதன் கொண்டை கிழிந்துவிட்டது. இன்றும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அதற்கப்புறம் இரண்டு மூன்றாகத்தான் வாங்குகிறேன். முதலில் நோய் இருக்கிறதா என்று பார்க்கச் சில வாரம் தள்ளி வைப்பேன். பிறகு ஒரு வாரம் முற்றத்திலேயே பஞ்சாரத்துக்குள் இருக்கும். பழையவை சுற்றிவந்து பார்க்கும், கொத்த முடியாது. கடைசியில் ஒருநாள் இருட்டியபின் கூட்டில் ஏற்றிவிடுவேன். மறுநாள் கொஞ்சம் துரத்தல் இருக்கத்தான் செய்யும், பயப்பட வேண்டாம்.

நான்காம் படி: சேவலின் பேச்சைப் புரிந்துகொள்ளுங்கள்

நல்ல சேவல் புழுவோ தானியமோ கண்டால் தான் விழுங்காது. 'குக் குக் குக்' என்று கூப்பிட்டு, அதைக் கொத்தி எடுத்துக் கீழே போட்டுப் போட்டுக் காட்டும். பெட்டை ஓடி வந்து தின்னும். அப்புறம் ஒரு பக்க இறக்கையைத் தரையில் உரசுகிற மாதிரி தாழ்த்தி, பெட்டையைச் சுற்றி அரைவட்டம் அடிக்கும். பெட்டைக்குச் சம்மதம் என்றால் இறக்கையைக் கொஞ்சம் விரித்துப் பதுங்கி உட்காரும். சேவல் ஏறிப் பிடரி இறகை அலகால் பற்றி மிதிக்கும். சில நொடிகளில் முடிந்துவிடும். சேவலுக்கு ஆணுறுப்பு கிடையாது. இரண்டின் பின்துளைகளும் ஒட்டும்போது விந்து இடம் மாறுகிறது. பிறகு பெட்டை எழுந்து உடம்பை உதறிக்கொள்ளும். மாலை நேரத்தில் இது அதிகமாக நடக்கும்.

பெட்டை ஓடி ஓடி ஒளிகிறது, கூட்டை விட்டே இறங்க மறுக்கிறது என்றால் அது வேறு விஷயம். இளஞ்சேவல்கள் கூப்பிடாமலும் சுற்றாமலும் பாய்ந்து பிடிக்கும். அவற்றை வளரும் வரை தனியாக வைப்பது நல்லது.

ஐந்தாம் படி: எண்ணிக்கை

எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல். மூன்று பெட்டைக்கு ஒன்று என்று வைத்தால் முதுகில் இறகு போய்த் தோல் தெரியும். அப்படியானால் சேவலைச் சில வாரம் பிரித்து வையுங்கள். நடுவில் முறிந்த இறகு, அடுத்து இறகு உதிர்க்கும் காலம் வரை அப்படியேதான் இருக்கும். சேவலின் கால்முள் கூராக இருந்தால் நுனியை மட்டும் அரத்தால் மழுக்கலாம். உள்ளே உயிருள்ள எலும்பு இருப்பதால் ஆழமாக வெட்டிவிடாதீர்கள். முட்டை மட்டும் போதும் என்பவர்களுக்குச் சேவலே தேவையில்லை.

ஆறாம் படி: அடைக்கு முட்டை எடுப்பது

ஒரே தாய் வயிற்றுக் குஞ்சுகளுக்குள் சேராமல் இருக்கச் சேவலை மாற்றுகிறோம், சரி. ஆனால் பெட்டையின் முட்டைக்குழாயில் பழைய சேவலின் விந்து இரண்டு மூன்று வாரம் உயிரோடு தங்கியிருக்கும். அதனால் பழையதைப் பிரித்த நாளிலிருந்து மூன்று வாரத்து முட்டைகளைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அடை வைத்த ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால், சிலந்திவலை போலச் சிவப்பு நரம்பு ஓடியிருக்கும் முட்டையில் குஞ்சு வளர்கிறது. வெறுமையாகத் தெரிவதை எடுத்துவிடுங்கள், விட்டால் கூமுட்டையாகிவிடும்.