பிரா போடலாமா, விடலாமா? பலரும் சறுக்கும் இடங்கள்

வீட்டுக்குள் நுழைந்ததும் கை முதலில் முதுகுக் கொக்கியைத்தான் தேடுகிறது என்றால், ‘எனக்குப் பிராவே ஒத்துவராது’ என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுங்கள். போட்டிருப்பது உங்கள் அளவுதானா என்று பார்த்தீர்களா? தப்பான அளவோடு பட்ட அவஸ்தையை வைத்துப் பிராவையே ஒதுக்குவது, கடித்த செருப்பைப் பார்த்துவிட்டு இனி வெறுங்கால்தான் என்று கிளம்புவதைப் போல. அளவு சரியான ஒன்றைப் போட்டுப் பார்த்த பிறகும் வேண்டாமென்று தோன்றினால் தாராளமாக விடலாம்.

அளவெடுப்பது பெரிய வித்தை இல்லை. மார்பகத்துக்குக் கீழே, விலாவை ஒட்டி டேப்பைச் சற்று இறுக்கமாகச் சுற்றி எடுப்பது பேண்ட், அதாவது உடம்பைச் சுற்றி வரும் பட்டையின் அளவு. மார்பின் எடுப்பான பகுதியைச் சுற்றி, அழுத்தாமல் எடுப்பது இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கப். ஓர் அங்குலம் என்றால் ஏ, இரண்டு என்றால் பி, மூன்று சி, நான்கு டி. கீழ் அளவோடு நாலைந்து அங்குலம் கூட்டிச் சொல்லும் பழைய கணக்கு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அப்படிக் கூட்டினால் பேண்ட் தளர்ந்து, கப் சிறுத்துப்போகும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அட்டவணை கொஞ்சம் மாறும் என்பதால் டேப் சொல்வதைத் தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொண்டு போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

தோள்பட்டையில் பள்ளம் விழுகிறது என்றால் பழியை ஸ்ட்ராப் மேல் போடுவோம். உண்மையில் எடையின் பெரும்பங்கைத் தாங்க வேண்டியது பேண்ட். அது தளர்ந்திருந்தால் முதுகில் மேலேறும், முன்பக்கம் இறங்கும், நாம் ஸ்ட்ராப்பை இழுத்து இறுக்குவோம், தோள் வலிக்கும். கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று இரண்டு கைகளையும் தூக்கிப் பாருங்கள். பேண்ட் கூடவே மேலே வந்தால் அது பெரிது. ஒயர் வைத்ததாக இருந்தால் ஒயர் மார்பகத்தின் அடிமடிப்பில், விலா எலும்பின் மேல் உட்கார வேண்டும். சதையைக் குத்தினால் கப் சிறியது. புதிய பிரா கடைசிக் கொக்கியில், அதாவது ஆகத் தளர்வானதில், கச்சிதமாக இருக்க வேண்டும். எலாஸ்டிக் தொய்யத் தொய்ய உள்கொக்கிக்குப் போகத்தான் மற்ற வரிசைகள். இன்னொரு சறுக்கல்: 34 பி-யில் (எண் பேண்ட், எழுத்து கப்) கப் சரியாக இருந்து பேண்ட் மட்டும் இறுக்குகிறது என்று 36 பி வாங்குவது. பேண்ட் கூடும்போது அதே எழுத்தின் கப்பும் பெரிதாகிவிடும். 36 ஏ கேட்டு வாங்கினால் கப் மாறாது.

அடுத்தது பயத்தில் எடுக்கும் முடிவு. ‘போடாவிட்டால் தொங்கிவிடும்’ என்று சொல்லிச் சொல்லியே பல பெண்களைத் தூக்கத்திலும் கொக்கி மாட்ட வைத்திருக்கிறார்கள். மார்பகத்தைத் தாங்குவது தோலும், ஆஸ்ட்லி கூப்பர் என்ற அறுவை மருத்துவரின் பெயரால் அழைக்கப்படும் மெல்லிய இணைப்புத் திசுக்களும். வயது, கர்ப்பங்களின் எண்ணிக்கை, எடை ஏறி இறங்குவது, புகைப்பழக்கம் ஆகியவை இவற்றைத் தளர்த்துகின்றன. தாய்ப்பால் கொடுப்பதால் தொங்கும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பிரா போட்டிருக்கும்வரை தூக்கிக் காட்டும், அவ்வளவுதான். எதிர்ப்பக்கமும் இதே அவசரம் உண்டு. 2013-இல் பிரான்சின் பெசன்சோன் நகரைச் சேர்ந்த பேராசிரியர் ழான்-தெனி ரூய்யோன், சுமார் 330 பெண்களைப் பல ஆண்டுகள் கவனித்ததில் பிராவால் பயனில்லை என்று தோன்றுவதாகச் சொன்னார். உடனே ‘பிரா போட்டால்தான் தொங்கும்’ என்று செய்தி பறந்தது. அது முதற்கட்ட முடிவு, கலந்துகொண்டவர்கள் இளம் வயதினர், எல்லாப் பெண்களுக்கும் அதைப் பொருத்தக் கூடாது என்று அவரே எச்சரித்திருந்தார். அந்த வரியை யாரும் பகிரவில்லை!

‘பிரா போட்டால் மார்பகப் புற்றுநோய் வரும்’ என்ற பயத்துக்கு ஒரே பத்தி போதும். 2014-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் உள்ள ஃபிரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையம், மாதவிடாய் நின்ற 1,500-க்கும் மேற்பட்ட பெண்களிடம் விசாரித்தது. எத்தனை மணிநேரம் போடுகிறார்கள், ஒயர் உண்டா, எந்த வயதில் தொடங்கினார்கள் என்றெல்லாம் கேட்டும், மார்பகப் புற்றுநோய்க்கும் பிராவுக்கும் தொடர்பு தென்படவில்லை. கட்டி, தோலில் குழி, காம்பில் கசிவு இருந்தால் பிராவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

வீட்டில் போடுவதில்லை, அதனால் ஓடும்போதும் வேண்டாம் என்பது அடுத்த தவறு. ஓடும்போது மார்பகம் மேலும் கீழும் மட்டும் குலுங்குவதில்லை. பக்கவாட்டிலும் முன்னும் பின்னும்கூட நகர்கிறது. சிறிய மார்பகம் உள்ளவர்களுக்கும் இதில் வலி வரலாம். ஸ்போர்ட்ஸ் பிரா வாங்கும்போது ட்ரயல் ரூமில் நாலு முறை குதித்துப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, கதவு மூடித்தான் இருக்கிறது. நல்ல மூச்சு இழுக்க முடிகிறதா என்பதையும் கவனியுங்கள்.

உடை விஷயத்தில், பிரா அல்லது ஒன்றுமே இல்லை என்று இரண்டே வழிதான் இருப்பதுபோல யோசிக்கிறோம். நடுவில் எத்தனையோ இருக்கின்றன: ஒயரில்லாத மெல்லிய பிராலெட், கேமிசோல் என்ற உள்சட்டை, உடையிலேயே தைத்த கப், காம்பை மட்டும் மறைக்கும் சிலிகான் ஒட்டிகள். துணியே பாதி வேலையைச் செய்யும். கனமான காட்டன், அடர்நிறம், நெருக்கமான பிரிண்ட் ஆகியவற்றுக்குள் எதுவும் தெரியாது. உடம்போடு ஒட்டும் மெல்லிய பின்னல் துணி எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளைப் பிரா எடுப்பாகத் தெரியும். உங்கள் தோல் நிறத்துக்கு நெருங்கியதுதான் மறையும். ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை குனிந்து நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஒட்டிகளை விசேஷ நாளில் முதன்முதலாக முயல்வது வம்பு. முந்தைய வாரமே சிறு இடத்தில் ஒட்டித் தோல் சிவக்கிறதா என்று பாருங்கள். ஒட்டுமிடத்தில் கிரீம் தடவாதீர்கள், கழற்றும்போது வெடுக்கென்று இழுக்காதீர்கள்.

மார்பகம் பெரிதாக இருந்தால் பிரா இல்லாத நாளில் அடிமடிப்பில் வியர்வை தேங்கி அரிப்பு வரலாம். அவர்களுக்கு இறுக்கமில்லாத காட்டன் பிராவே சுகமாக இருக்கும். பால் கொடுக்கிறவர்கள் அழுத்தும் ஒயரைத் தவிர்ப்பது நல்லது. ஒரே இடத்தில் அழுத்தினால் பால் கட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. அறுவை சிகிச்சைக்குப் பிறகு எதைப் போடுவது என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

கடைசியாக, அடுத்தவருக்காக நாம் எடுக்கும் முடிவு. மகளின் உடம்பில் மாற்றம் தெரிந்த அன்றே பிராவை நீட்டுகிற அம்மாக்கள் உண்டு. துணி உராய்ந்து வலிக்கிறது, ஓட ஒரு மாதிரி இருக்கிறது என்று அவள் சொல்லட்டும். அல்லது நீங்களே ஒருமுறை சாதாரணமாகக் கேளுங்கள். மெல்லிய காட்டன் ஸ்லிப்பில் தொடங்கலாம். ஒயரும் பேடும் அந்த வயதுக்குத் தேவையில்லை. சில மாதங்களிலேயே அளவு மாறிவிடும் என்பதால் டஜன் கணக்கில் வாங்கி அடுக்கவும் வேண்டாம்.